மூங்கில் நார் டென்சைல் டெஸ்ட்ல நம்பர் சொதப்புதா? அறுந்த துண்டை எடுத்துட்டு வாங்க

"அண்ணா, எல்லா பேப்பர்லயும் மூங்கில் நாருக்கு 500 எம்பிஏ, 600 எம்பிஏனு போட்டிருக்கான், எனக்கு மட்டும் 180தான் வருது, சாம்பிள் மட்டமா?" வருஷா வருஷம் ப்ராஜெக்ட் ரிவ்யூ நெருங்கறப்போ இந்தக் கேள்வி என் டேபிளுக்கு வந்துரும். நான் ஒரு இன்ஜினியரிங் காலேஜ் லேப்ல யூடிஎம் (சாம்பிளை இழுத்து அறுத்துப் பாக்கற மிஷின்) பாத்துக்கறவன். (எம்பிஏனா இங்க மெகா பாஸ்கல், டிகிரி இல்ல.) நான் திருப்பிக் கேக்கறது ஒண்ணுதான், அறுந்த துண்டு எங்க? பத்துல எட்டு பேர் அதை குப்பைத் தொட்டியில போட்டிருப்பாங்க. கிராஃப், எக்செல் எல்லாம் பென் டிரைவ்ல பத்திரமா இருக்கும், என்ன நடந்துச்சுனு சொல்லக்கூடிய ஒரே சாட்சி மட்டும் காணாம போயிருக்கும்.

அதனால முதல் வேலை, மாத்திரை கவர் மாதிரி சின்ன ஜிப் கவர் ஒரு கட்டு வாங்குங்க, ஒவ்வொரு சாம்பிளோட ரெண்டு பாதியையும் நம்பர் எழுதி போட்டு வைங்க. கீழ எழுதியிருக்கற எல்லா சிம்ப்டமுக்கும் அது வேணும்.

ரெண்டாவது, ஒரு மனக்கணக்கு. 200 மைக்ரான் தடிமன் இருக்கற ஒரு நாரை எடுத்துக்கங்க, அதோட குறுக்குவெட்டு 0.0314 சதுர மிமீ, 500 எம்பிஏல அறுந்தா லோடு 15.7 நியூட்டன், அதாவது ஒரு கிலோ அறுநூறு கிராம் தொங்கவிட்ட மாதிரி. கேஜ் லெங்த் (ரெண்டு பிடிக்கும் நடுவுல இழுபடற நீளம்) 20 மிமீ, 2 சதவீதம் நீண்டுச்சுன்னா மொத்தமே 0.4 மிமீ, ஏ4 தாள் நாலு அடுக்கி வச்ச தடிமன். இவ்வளவுதான் நம்ம விளையாட்டு மைதானம், இதுக்குள்ளதான் கோந்து இளகறது, ஜா (மிஷினோட பிடி) வழுக்கறது, அட்டை வளையறது எல்லாம் நடக்குது. நம்பர் தப்பா வந்தா நாரை சந்தேகப்படறது கடைசியாத்தான் இருக்கணும்.

இன்னொண்ணு, நாம "ஒத்தை நார்"னு சொல்றது உண்மையில ஒத்தை இல்ல. மூங்கிலோட அடிப்படை நார் செல் 10, 20 மைக்ரான் தடிமன்ல ரெண்டு மூணு மிமீ நீளம்தான் இருக்கும், அது நூத்துக்கணக்குல லிக்னின் பசையில ஒட்டின கத்தையைத்தான் நாம உரிச்சு எடுத்து டெஸ்ட் பண்றோம். இதை மனசுல வச்சுக்கிட்டா கீழ வர்றது பாதி தானா புரியும்.

எல்லா சாம்பிளும் ஜா ஓரத்துலயே அறுந்து போகுது

நாரை நேரா ஜாவுல மாட்டி டைட் பண்ணீங்களா? அப்போ வேற காரணம் தேட வேணாம். ஜா நசுக்கின இடத்துல அது ஏற்கனவே பாதி செத்துருச்சு, மிஷின் வெறுமனே மிச்சத்தை முடிச்சு வச்சுது. அந்த நுனியை லென்ஸ்ல பாருங்க, தட்டையா, டிராக்டர் ஏறின கரும்பு மாதிரி இருக்கும். ஒழுங்கா நடுவுல அறுந்த மூங்கில் நாரோட நுனி வேற மாதிரி இருக்கும், வேப்பங்குச்சியை மென்னு பிரஷ் ஆக்குவோம்ல, அந்த மாதிரி பிரி பிரியா நீட்டிக்கிட்டு நிக்கும். ஏன்னா கத்தைக்குள்ள இருக்கற செல்லெல்லாம் ஒரே இடத்துல அறுறதில்ல, ஒண்ணை விட்டு ஒண்ணு உருவிக்கிட்டு வரும். பிரஷ் மாதிரி இருந்தா நல்ல சாவு. பிளேடு வச்சு வெட்டின மாதிரி மொழுக்குனு இருந்தா ஏதோ கோளாறு.

தீர்வு பழசுதான், அட்டை ஃப்ரேம். சார்ட் பேப்பரை விட கொஞ்சம் கெட்டியான அட்டை (கல்யாணப் பத்திரிகை அட்டை சூப்பரா இருக்கும், வீட்ல கட்டு கட்டா கிடக்கும்) எடுத்து நடுவுல 20 மிமீ உயரத்துக்கு ஜன்னல் வெட்டுங்க, பென்சில்ல நடுக்கோடு போடுங்க, நாரை அந்தக் கோட்டு மேல நேரா படுக்க வச்சு ரெண்டு கடைசியிலயும் செல்லோ டேப்ல லேசா பிடிச்சுட்டு, அப்புறம் ஜன்னல் ஓரத்துல இருந்து வெளிப்பக்கமா பத்து மிமீ நீளத்துக்கு ரெண்டு டியூப் எப்பாக்ஸி தடவி 24 மணி நேரம் விடுங்க. ஜாவுல மாட்டறது அட்டையை, நாரை இல்ல. மாட்டினதுக்கு அப்புறம் ஜன்னலோட ரெண்டு பக்கச் சட்டத்தையும் கத்தரிச்சு விடணும்.

சூப்பர் க்ளூ வேணாம். அஞ்சு நிமிஷத்துல காஞ்சுரும்னு எல்லாரும் அதுக்குத்தான் போறாங்க, ஆனா அது தண்ணி மாதிரி இருக்கறதால நாருக்குள்ளயே ஊறி ஜன்னலுக்குள்ள ரெண்டு மூணு மிமீ வரைக்கும் ஏறிரும், காஞ்சா அந்த இடம் கண்ணாடி மாதிரி விறைச்சுக்கும், சரியா அந்த விறைப்பு முடியற இடத்துல மொழுக்குனு அறுந்து விழும். எப்பாக்ஸியையும் கலக்கின உடனே தடவாம, கொஞ்சம் கெட்டிப்படற வரைக்கும் பொறுத்துத் தடவினா பரவாது.

இவ்வளவு பண்ணியும் ஓரத்துலயே அறுந்தா மேல் ஜாவும் கீழ் ஜாவும் ஒரே நேர்கோட்டுல இல்ல. ஒரு தையல் நூல்ல சின்ன நட்டு ஒண்ணைக் கட்டி மேல் ஜாவுல இருந்து தொங்கவிட்டுப் பாருங்க, கொத்தனார் தூக்குக்குண்டு விடற மாதிரி. கீழ் ஜா நடுவுல அது விழலேன்னா அதான் வியாதி.

நம்பர் ஆகாயத்துக்குப் போகுது, 1000 எம்பிஏ

இது சந்தோஷமான வியாதி, அதனால யாரும் டாக்டர்கிட்ட வர மாட்டாங்க. ஒரு பையன் இந்த நம்பரைப் பாத்துட்டு லேப்புக்கே லட்டு வாங்கிட்டு வந்துட்டான். நான் லட்டை வாயில போட்டுக்கிட்டே கவரைத் திறந்து அவன் துண்டைப் பாத்தேன், அட்டையோட இடது சட்டம் கத்தரிக்கோல்ல வெட்டின நேர்க்கோடா இருக்கு, வலது சட்டம் பாதி வரைக்கும் நேரா, மீதி பிய்ஞ்சு பஞ்சு பஞ்சா இருக்கு. அதாவது வலது பக்கம் முழுசா வெட்டல, நாரோட சேர்ந்து அட்டையும் இழுபட்டிருக்கு. 2 மிமீ அகலம் கால் மிமீ தடிமன் அட்டைக்கீத்து கூட 15 நியூட்டன் சுலபமா தாங்கும், நாரோட 15.7 கூட இதைச் சேத்துப் பாருங்க, 500ங்கறது 1000 ஆயிருச்சு.

வெட்டினதும் ரெண்டு சட்டத்துலயும் வெட்டின இடைவெளிக்குள்ள ஒரு தாளை விட்டு எடுத்துப் பாருங்க, தடையில்லாம போகணும். அவ்வளவுதான்.

அறவே மாட்டேங்குது, லோடு ஏறி ஏறி இறங்குது

கிராஃப் ரம்பப்பல் மாதிரி வந்தா வழுக்கல். எது வழுக்குதுங்கறதுதான் கேள்வி. அட்டை ஜாவுக்குள்ள வழுக்குதா, இல்ல நார் கோந்துக்குள்ள இருந்து உருவிக்கிட்டு வருதா? ஜா விளிம்பு ஒட்டி அட்டையில பென்சில் கோடு ஒண்ணு போடுங்க, டெஸ்ட் முடிஞ்சதும் கோடு நகர்ந்திருந்தா ஜா குத்தம், எமரி ஷீட் துண்டு ரெண்டை சொரசொரப்பு உள்பக்கம் பாக்க வச்சு பிடிங்க. கோடு அங்கயே இருந்தா கோந்தை லென்ஸ்ல பாருங்க, நார் இருந்த இடத்துல வெறும் சுரங்கம் தெரியும். ஒட்டின நீளம் பத்தல. கணக்கு இதோ, பத்து மிமீ ஒட்டியிருந்தா கோந்து மேல வர்ற ஷியர் (நெடுக்க வழுக்க வைக்கற இழுப்பு) 2.5 எம்பிஏதான், ரெண்டு மிமீ மட்டும் ஒட்டியிருந்தா 12.5, எப்பாக்ஸி அரைகுறையா காஞ்சிருந்தா அதைத் தாங்காது. மூங்கிலோட வெளித்தோல் பக்கத்து நார்னா மெழுகு இருக்கும், நுனியை மட்டும் ஸ்பிரிட் தொட்ட துணியில துடைச்சுட்டு ஒட்டுங்க.

கிராஃப் ஆரம்பத்துல படுத்துக் கிடந்துட்டு அப்புறம்தான் ஏறுது

ஸ்லாக். நார் தொய்வா ஒட்டியிருக்கு, மிஷின் முதல்ல அந்தத் தொய்வை நிமித்துது. அந்தப் படுத்த பகுதியை நீளல்னு எடுத்துக்காதீங்க, நேர்க்கோடு பகுதியை பின்னாடி நீட்டி எக்ஸ் அச்சைத் தொடற இடத்தை ஜீரோவா வச்சுக்கங்க. ஒரு பத்துல ஒரு பங்கு நியூட்டன் ப்ரீலோடு கொடுத்துட்டு ஆரம்பிச்சா பாதி பிரச்சனை போயிரும். தென்னை நார்ல மட்டும் இந்த விதியைப் பாத்துப் போடணும், அதுக்குக் கீழ வர்றேன்.

ஸ்ட்ரெங்த் ஓகே, மாடுலஸ் மட்டும் பாதிதான் வருது

இதுல மாட்டாத ஆளே கிடையாது, நானும் மாட்டியிருக்கேன், கொஞ்சம் பொறுமையா படிங்க.

மாடுலஸ்னா நார் எவ்வளவு விறைப்புங்கற கணக்கு. பிரச்சனை என்னன்னா நீளல் எவ்வளவுனு நாம கிராஸ்ஹெட் (ஜாவை இழுத்துக்கிட்டு நகர்ற மிஷின் சட்டம்) நகர்ந்த தூரத்துல இருந்து எடுக்கறோம். ஆனா கிராஸ்ஹெட் நகரும்போது நார் மட்டுமா நீளுது? லோடு செல் (லோடை அளக்கற பாகம்) கொஞ்சம் வளையுது, ஜா கொஞ்சம் உக்காருது, அட்டை, கோந்து எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் கொடுக்குது. அத்தனையையும் நாரோட தலையில கட்டிடறோம். நாரோட உண்மையான மாடுலஸ் 30 ஜிபிஏ (ஒரு ஜிபிஏனா ஆயிரம் எம்பிஏ), கேஜ் லெங்த் 20 மிமீ, 10 நியூட்டன் லோடுனு வச்சுக்குவோம். நார் நீளறது 0.21 மிமீ. மிஷின், ஜா, அட்டை எல்லாம் சேர்ந்து நியூட்டனுக்கு 0.005 மிமீ கொடுக்குதுன்னா 10 நியூட்டனுக்கு 0.05 மிமீ. மொத்தம் 0.26. மாடுலஸ் 24 ஜிபிஏனு காட்டும். இப்போ கேஜ் லெங்த்தை 5 மிமீ ஆக்குங்க, நார் நீளறது வெறும் 0.053, மத்தது அதே 0.05, மாடுலஸ் 15க்கு இறங்கிரும். நார் அதே நார்.

அதனால நீங்க பண்ண வேண்டியது, ஒரே கேஜ் லெங்த்ல முப்பது சாம்பிள் போடாம 10, 20, 30, 40 மிமீனு நாலு நீளத்துல பிரிச்சுப் போடுங்க. ஒவ்வொரு சாம்பிளுக்கும் நீளலை லோடால வகுத்தா வர்றதை ஒய் அச்சுல வைங்க, கேஜ் லெங்த்தை ஏரியாவால வகுத்தா வர்றதை எக்ஸ் அச்சுல வைங்க, புள்ளியெல்லாம் சுமாரா ஒரு நேர்க்கோட்டுல விழும். அந்தக் கோடு ஒய் அச்சை வெட்டற இடம் உங்க மிஷின் செட்டப் கொடுக்கற நெகிழ்வு, கோட்டோட சாய்வைத் தலைகீழாக்கினா நாரோட உண்மையான மாடுலஸ். ஏஎஸ்டிஎம் சி1557ங்கற டெஸ்ட் ஸ்டாண்டர்டு சொல்ற முறை இதுதான். அட்டையை மாத்தினாலோ கோந்தை மாத்தினாலோ இந்த நம்பரும் மாறும், போன வருஷ சீனியர் எடுத்த நம்பரை அப்படியே எடுத்துப் போடாதீங்க.

கேஜ் லெங்த்தை மாத்தினா இன்னொண்ணும் நடக்கும், ஸ்ட்ரெங்த்தும் மாறும், நீளமான நார் சீக்கிரம் அறும். அது தப்பு இல்ல, நீளம் கூடக்கூட மோசமான ஒரு பலவீனம் உள்ள மாட்டற வாய்ப்பு கூடும், அவ்வளவுதான். வெய்புல் கணக்குப்படி வெய்புல் மாடுலஸ் (பலம் எவ்வளவு சிதறுதுனு சொல்ற எண், மேல சொன்ன விறைப்பு மாடுலஸ் இல்ல) 4னு எடுத்துக்கிட்டா 10 மிமீல 600 காட்டற நார் 40 மிமீல 424தான் காட்டும். அதனால கேஜ் லெங்த் சொல்லாம ஸ்ட்ரெங்த் மட்டும் சொல்றது, எத்தனை பேருக்குனு சொல்லாம ரெண்டு கிலோ பிரியாணி ஆர்டர் பண்ற மாதிரி. உங்க 20 மிமீ நம்பரை அடுத்தவன் 5 மிமீ நம்பரோட வச்சு அழுதுக்கிட்டு இருக்காதீங்க.

ஒரே மூங்கில்ல எடுத்தது, ஒண்ணு 360 இன்னொண்ணு 1000

முதல் சந்தேகம் ஏரியா. மூங்கில் நார் வட்டமா இருக்கும்னு உங்களுக்கு யார் சொன்னது? நீள்வட்டம், அரை நிலா, கோணல் மாணல் எல்லாம் வரும். மைக்ராஸ்கோப்ல மேல இருந்து பாக்கறப்போ தெரியறது ஒரு பக்க அகலம் மட்டும்தான். அகலப்பக்கம் 250 மைக்ரான், குறுகின பக்கம் 150னு ஒரு நார் இருக்கு, உண்மையான ஸ்ட்ரெங்த் 600. அது டேபிள்ல அகலப்பக்கம் தெரியற மாதிரி படுத்திருந்தா நீங்க 250 டயா வட்டம்னு கணக்குப் போடுவீங்க, 360 வரும். குறுகின பக்கம் தெரிஞ்சா 150 டயா, அப்போ 1000 வரும். நாரைத் தொடாமலே, வெறுமனே அது புரண்டு படுத்ததுலயே இவ்வளவு வித்தியாசம்.

வட்டமாவே இருந்தாலும் 220 மைக்ரானை 200னு படிச்சா ஸ்ட்ரெங்த் 20 சதவீதத்துக்கு மேல கூடிக் காட்டும், டயா ஸ்கொயர் ஆகுதுல்ல. ஒரு நாருக்கு ஒரே ஒரு இடத்துல டயா எடுக்கறது இன்னொரு பாவம், நுனிக்கும் அடிக்கும் நடுவுல அஞ்சு இடமாவது எடுங்க, ஒவ்வொரு இடத்துலயும் அட்டை ஃப்ரேமைத் திருப்பி இன்னொரு கோணத்துலயும் பாருங்க. இன்னும் நல்ல வழி, அறுந்த துண்டுல அறுந்த இடத்துக்குப் பக்கத்துல ஒரு மிமீ தள்ளி நறுக்கி, ரெசின்ல நிக்க வச்சு தேச்சு, குறுக்குவெட்டை போட்டோ எடுத்து கம்ப்யூட்டர்ல ஏரியா அளக்கறது. ஜிப் கவர்ல துண்டை வைக்கச் சொன்னது இதுக்கும்தான்.

எடை போட்டு ஏரியா கண்டுபிடிக்கலாமேன்னு கேப்பீங்க. போடலாம், எடையை நீளத்தாலயும் டென்சிட்டியாலயும் வகுத்தா ஏரியா. ஆனா 50 மிமீ நாரோட எடை ரெண்டு மில்லிகிராம்தான் இருக்கும், நாலு டெசிமல் தராசு ஒரு இலக்கம் ஆடினாலே அஞ்சு சதவீதம் போச்சு. அஞ்சு டெசிமல் தராசு இருந்தா மட்டும் பண்ணுங்க. ஜவுளி லேப்காரங்க ரொம்ப காலமா இந்தத் தலைவலியே இல்லாம இருக்காங்க, ஏரியாவையே தொடாம லோடை டெக்ஸால (ஒரு கிலோமீட்டர் நூலோட கிராம் எடை) வகுத்து சென்டிநியூட்டன் பெர் டெக்ஸ்னு கொடுத்துருவாங்க, அதை டென்சிட்டியாலயும் பத்தாலயும் பெருக்கினா எம்பிஏ. 40 வந்துச்சு, டென்சிட்டி 1.4னா 560 எம்பிஏ.

ஏரியா சரின்னா அடுத்து எந்தப் பகுதியில இருந்து நாரை உரிச்சீங்கனு பாருங்க. மூங்கில் சுவர்ல வெளிப்பக்கம் நார் கத்தை நெருக்கமா இருக்கும், உள்பக்கம் போகப்போக கலைஞ்சு பஞ்சு மாதிரி பேரன்கைமாதான் அதிகம். குறுக்கே அறுத்த மூங்கிலை தண்ணியில நனைச்சு வெயில்ல பாருங்க, வெளி ஓரம் கரும்புள்ளி கரும்புள்ளியா நெருங்கி இருக்கும், உள்ள வெளுத்துக் கிடக்கும். உள்பக்கத்து நாரை உரிச்சா கூடவே பேரன்கைமா ஒட்டிக்கிட்டு வரும், அது பலத்துக்கு எதுவும் பண்ணாது, ஏரியாவை மட்டும் கூட்டிக் காட்டும். வெளி, நடு, உள்னு மூணு கவர்ல பிரிச்சு வைங்க. கணு இருக்கற இடத்துல நாரெல்லாம் வளைஞ்சு குறுக்க ஓடும், அங்க எடுத்தது பலம் கம்மியாத்தான் இருக்கும், கணுவிடையில மட்டும் எடுங்க.

மூங்கிலை ரோலர்ல நசுக்கியோ சுத்தியல்ல தட்டியோ நார் எடுத்திருந்தா இன்னொண்ணு பாக்கணும். போலரைஸ்டு லைட்ல நாரைப் பாத்தா குறுக்குக் கோடு கோடா பளிச்சுனு தெரியும், அது மடங்கின இடம். மொழுக்குனு அறுந்த நுனி அந்தக் கோட்டுலதான் இருக்கும், வேணும்னா பந்தயம்.

இதெல்லாம் சரி பண்ணினதுக்கு அப்புறமும் சிதறல் இருக்கும். இது செடி, ஸ்டீல் கம்பி இல்ல. அஞ்சு சாம்பிள் போட்டு ஆவரேஜ் எடுக்கறதை விட்டுட்டு முப்பது போடுங்க. மாட்டும்போதே கையில அறுந்து போனதையும் நோட்ல எழுதுங்க, பலவீனமானதெல்லாம் மிஷினுக்கு வர்றதுக்கு முன்னாடியே செத்துட்டா மிச்சத்தோட ஆவரேஜ் நல்லாத்தான் இருக்கும்.

காலைல ஒரு நம்பர், சாயங்காலம் ஒரு நம்பர்

ஒரு ப்ராஜெக்ட்ல ரெண்டு வாரம் இதுல போச்சு. காலைல போட்ட சாம்பிள் மாடுலஸ் கம்மி, மதியத்துக்கு மேல போட்டது அதிகம், ஆபரேட்டர் அதே ஆள், மூங்கில் அதே மூங்கில். நவம்பர் மாசம், வெளிய மழை ஊத்துது. லேப் ஏசியை பத்து மணிக்குத்தான் போடுவாங்க, ராத்திரி பூரா ஈரக்காத்துல திறந்து கிடந்த நார் காலைல ஈரம் குடிச்சுட்டு இருந்துச்சு, ஏசி ஓடி ஓடி மதியத்துக்கு அதுவே காஞ்சிருச்சு. அப்பளம் மழைக்காலத்துல நமத்துப் போறதுக்கும் இதுக்கும் ஒரு வித்தியாசமும் இல்ல.

மூங்கில் ஈரம் குடிச்சா விறைப்பு குறையும், காஞ்சா கூடும். பருத்தி மாதிரி சிலது நனைஞ்சா பலம் கூடிக்கும், அதனால ஒரு செடியோட விதியை இன்னொண்ணுக்குப் போடாதீங்க. நம்ம நாட்டு ஜவுளி லேப்கள்ல வழக்கம் 27 டிகிரி, 65 சதவீத ஈரப்பதம். அந்த மாதிரி ரூம் இல்லாதவங்க ஒரு மூடி போட்ட டப்பாவுக்குள்ள உப்புக் கரைசல் வைங்க. சாதா சமையல் உப்பை கரையாம அடியில தங்கற அளவுக்குத் தண்ணியில போட்டு ஒரு கிண்ணத்துல வச்சா மூடின டப்பாவுக்குள்ள ஈரப்பதம் 75 சதவீதத்துல நிக்கும், 65 இல்லதான், ஆனா ராத்திரியும் பகலும் அதே 75. ரெண்டு மூணு நாள் அதுல வச்சுட்டு ஒண்ணொண்ணா வெளிய எடுத்து உடனே டெஸ்ட் பண்ணுங்க. எந்த ஈரப்பதத்துல வச்சீங்கனு எழுதிட்டா போதும்.

ஓவன்ல காய வச்சு டெஸ்ட் பண்ணினா கன்சிஸ்டன்டா இருக்குமேன்னு சிலர் வருவாங்க. 103 டிகிரி ஓவன் ஈரம் எவ்வளவுனு அளக்கறதுக்கு, எடை குறையறது நிக்கற வரைக்கும் வச்சு, குறைஞ்ச எடையை காஞ்ச எடையால வகுக்கறதுக்கு. அந்த சாம்பிள் அதோட சரி. அதை இழுத்தா முறுக்கு மாதிரி உடையும்.

காஸ்டிக் சோடாவுல போட்டதும் பலம் குறைஞ்சிருச்சு

5 சதவீதக் கரைசல் எல்லாரும் போடறதுதான், ஆனா "நேரமாச்சு, நாளைக்கு எடுத்துக்கலாம்"னு ஹாஸ்டலுக்குப் போனவங்க நார் ஒட்டியிருந்த பசையையே கரைச்சுட்டாங்க. கத்தை பிரிஞ்சு செல் செல்லா உதிர ஆரம்பிச்சா பலம் எப்படி நிக்கும். ரெண்டு மணி நேரம், நாலு மணி நேரம்னு சின்ன சின்னதா போட்டு எங்க திரும்புதுனு பாருங்க. கழுவறதுலயும் சோம்பல் வேணாம், சிவப்பு லிட்மஸ் நீலமாகறது நிக்கற வரைக்கும் கழுவணும், கடைசிக் கழுவல்ல ரெண்டு சொட்டு அசிட்டிக் ஆசிட் விட்டா சீக்கிரம் முடியும். அப்புறம் டயாவை டிரீட் பண்ணினதுக்கு அப்புறம் திரும்ப அளந்தீங்களா? பழைய தடிமனான டயாவை வச்சே கணக்குப் போட்டா குறையாம என்ன பண்ணும்.

நார் இல்ல, பட்டையாத்தான் டெஸ்ட் பண்றேன், நெடுக்கா பிளந்துக்குது

கல் மூங்கில்ல சீவின பட்டையை இழுத்தா நடுவுல உடையாம, பிடிச்ச இடத்துல இருந்து நெடுக்கப் பிளந்து வரும், இல்ல ஜா நசுக்கி நாரு நாரா ஆயிரும். மூங்கில் இழுக்கறதுக்கு 150, 200 எம்பிஏ தாங்கும், ஆனா நார் ஓட்டத்தோட வழுக்கற ஷியர்ல அதுல இருபதுல ஒரு பங்கு கூட கஷ்டம்தான். அதனால டம்பெல் மாதிரி நடுவை ஒடுக்கறப்போ நல்லாவே ஒடுக்கணும், தோள்பட்டை வளைவு மெதுவா நீளமா இறங்கணும், பிடிக்கிற இடம் நீளமா இருக்கணும். 8க்கு 4 மிமீ நடுப்பகுதி வச்சாலே ஆறு கிலோ நியூட்டனுக்கு மேல கேக்கும், அதுக்கு மேல பெருசு பண்ணி வீரம் காட்ட வேணாம். பிடிக்கிற இடத்துல மரத்துண்டோ அலுமினியத் தகடோ எப்பாக்ஸில ஒட்டுங்க, ஒட்டறதுக்கு முன்னாடி பளபளனு இருக்கற வெளித்தோலை எமரில தேச்சுருங்க, அந்த மெழுகு மேல எந்தக் கோந்தும் நிக்காது. நடுப்பகுதியில வெளித்தோல்ல இருந்து உள்பக்கம் வரைக்கும் சுவரோட முழு தடிமனும் இருக்கணும், வெளிப்பக்கத்தை மட்டும் சீவி எடுத்து "மூங்கில் பலம்"னு போட்டா அது மூங்கிலோட பலம் இல்ல, அதோட தோலோட பலம். முழு மூங்கிலுக்கு ஐஎஸ் 6874, ஐஎஸ்ஓ 22157 ரெண்டு ஸ்டாண்டர்டுலயும் முறை இருக்கு.

20 சதவீதம் நீளுது, இது மூங்கில்தானா?

தென்னை நார்னா கவலை வேணாம், அதுல செல்லுலோஸ் இழை 45 டிகிரிக்குப் பக்கமா சுருள் சுருளா சுத்தியிருக்கும், ஸ்பிரிங் மாதிரி அவுந்து நீளும், 15ல இருந்து 40 சதவீதம் வரைக்கும் சகஜம். கிராஃப்ல நடுவுல வளைவு வரும், அதை ஸ்லாக்னு நினைச்சு வெட்டிடாதீங்க.

மூங்கில்னா இழை கிட்டத்தட்ட நேரா ஓடும், ஒண்ணு ரெண்டு, மிஞ்சினா மூணு நாலு சதவீதம். 20 வந்தா, ஆன்லைன்ல "பாம்பூ ஃபைபர்"னு வெள்ளையா பஞ்சு மாதிரி வாங்கினீங்களா? அது விஸ்கோஸ். மூங்கில் கூழைக் கரைச்சு திரும்ப நூலா இழுத்தது, மூங்கிலோட நார் அமைப்பு ஒண்ணும் அதுல மிச்சம் இல்ல. மைக்ராஸ்கோப்ல எல்லாம் ஒரே தடிமன்ல, முனை முடிவே இல்லாம ஓடும். இதை மூங்கில்னு வித்ததுக்கு அமெரிக்காவுல எஃப்டிசி (அரசோட வர்த்தகக் கண்காணிப்பு அமைப்பு) 2009லயே கம்பெனிங்க மேல நடவடிக்கை எடுத்திருக்கு. நனைச்சு டெஸ்ட் பண்ணிப் பாருங்க, பலம் பாதிக்குப் பக்கமா விழுந்துரும், அதோட சந்தேகம் தீரும்.

கிராஃப் ஈசிஜி மாதிரி ஆடுது

100 கிலோ நியூட்டன் மிஷின்ல 15 நியூட்டனைத் தேடறீங்க. லாரி எடை போடற மேடையில கொத்தமல்லிக் கட்டு வைக்கிற மாதிரி. 50 நியூட்டனோ 100 நியூட்டனோ அளக்கற லோடு செல் வேணும். அது இருந்தும் ஆடுச்சுன்னா ஃபேனை நிறுத்துங்க. ஸ்பீடு நிமிஷத்துக்கு ஒரு மிமீ போதும், 20 மிமீ நார் அரை நிமிஷத்துக்குள்ள அறுந்துரும்.

எங்ககிட்ட யூடிஎம்மே இல்லையே

மாடுலஸ் கிடைக்காது, அறுற லோடு கிடைக்கும். அட்டை ஃப்ரேமோட மேல் பக்கத்தை ஒரு பைண்டர் கிளிப்ல பிடிச்சு ஆணியில மாட்டுங்க, கீழ் பக்கத்துல இன்னொரு கிளிப், அதுல காலி ரெண்டு லிட்டர் பாட்டிலைத் தொங்க விடுங்க, பாட்டில் அடியும் தரையில மடிச்சு வச்ச துண்டும் ரெண்டு விரற்கடை இடைவெளியில இருக்கட்டும். சட்டத்தைக் கத்தரிக்கறப்போ பாட்டிலைக் கையில தாங்கிக்கங்க. மெடிக்கல் ஷாப்ல சலைன் டிரிப் செட் ஒண்ணு வாங்கி, உயரத்துல வச்ச தண்ணி கேன்ல இருந்து பாட்டிலுக்குள்ள விடுங்க, குழாய் பாட்டில் வாயைத் தொடக்கூடாது, தொட்டா அதோட பாரமும் சேரும். டிரிப் செட்டுல இருக்கற சக்கரத்தைத் திருப்பினா வேகத்தைக் குறைக்கலாம், கூட்டலாம். சொட்டு சொட்டா விட்டா பொழுது விடிஞ்சுரும், மெல்லிசு தாரையா விடுங்க. நார் அறுந்து பாட்டில் துண்டு மேல டொப்புனு உக்காந்ததும் குழாயை அடைச்சுட்டு பாட்டில், தண்ணி, கீழ் கிளிப் எல்லாத்தையும் சேத்து கிச்சன் தராசுல எடை போடுங்க, கிராமை 0.00981ஆல பெருக்கினா நியூட்டன். பாட்டிலுக்கு மூடி போடாம இருக்கும்ங்கறதால லேப்டாப்பை ரெண்டடி தள்ளியே வைங்க.